80-இல் நடுங்கும் டர்போ கார்: மாற்றங்கள் செய்த வண்டியில் கோளாறைத் தேடிப் பிடிப்பது எப்படி?

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகும் சாலையில்தான் என் வண்டி முதன்முதலில் நடுங்கியது. வேகம் 80 கி.மீ., டாப் கியர், கால் அசையவில்லை. பின்னாலிருந்து யாரோ வேட்டி முனையைப் பிடித்து இழுத்து இழுத்து விடுகிற மாதிரி ஒரு வெட்டல். ஆக்சிலேட்டரை அழுத்தினால் எதுவுமே நடக்காதது போலப் பாய்கிறது. காலை எடுத்துவிட்டாலும் சுத்தமாக இருக்கிறது. ஒரே வேகத்தில் நிதானமாகப் போனால் மட்டும்தான் தொல்லை.

நாலு சிலிண்டர் டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் விசிறி) பெட்ரோல் வண்டி. ரீமேப் (எப்போது எவ்வளவு பெட்ரோல் என்று இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் அட்டவணையான மேப்பை மாற்றி எழுதுவது), பெட்டியில்லாத திறந்த கோன் ஏர் ஃபில்டர், காற்றை வெளியே விடும் புளோ ஆஃப் வால்வு, டர்போவிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் அகலமான டவுன்பைப் என்று நான்கு வேலைகள் அதில் செய்திருந்தேன். ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பிளக் மாற்றினார்கள், பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை மாற்றினார்கள், பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றிக் கழுவினார்கள். பில் இருபதாயிரத்தைத் தாண்டியது. நடுக்கம் போட்டது போட்டபடி இருந்தது. அதற்கப்புறம் நானே உட்கார்ந்து தேடிய வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் புரிய வேண்டும். சமதளத்தில் 80-இல் போக ஒரு சின்ன காருக்குச் சுமார் 10 குதிரைத்திறன் போதும். நூற்றுச் சொச்சம் குதிரைத்திறன் உள்ள இன்ஜின் அப்போது பத்தில் ஒரு பங்கு வேலைதான் செய்கிறது. காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் கொஞ்சமே திறந்திருக்கும். அதற்குப் பின்னால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டில் வாக்யூம், அதாவது வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம். இன்ஜெக்டர் ஓரிரு மில்லி வினாடிதான் திறந்து மூடும். சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை அளவில் குறைந்து மெலிந்து கிடக்கும். இந்த நிலையில் துளி காற்று கூடினாலும், பொறி கொஞ்சம் வலுவிழந்தாலும் தெரிந்துவிடும். முழுசாக மிதிக்கும்போது பெட்ரோல் தாராளமாகப் போகிறது, கலவை அடர்த்தியாகிறது, சின்னக் குறைகளெல்லாம் அதில் மூழ்கிவிடுகின்றன. அதனால் "பிக்கப் நல்லாத்தானே இருக்கு, இன்ஜின்ல ஒண்ணும் இல்லண்ணே" என்று யாராவது சொன்னால் அத்தோடு விட்டுவிடாதீர்கள்.

1. பானெட்டைத் திறக்கும் முன் பேனாவை எடுங்கள்

வண்டியில் செய்த மாற்றங்களைத் தேதியோடு வரிசையாக எழுதுங்கள். பக்கத்திலேயே நடுக்கம் எப்போது ஆரம்பித்தது என்றும் எழுதுங்கள். எந்த வேகம், எந்த கியர், எத்தனை ஆர்.பி.எம்., ஏ.சி. போட்டிருந்ததா, இன்ஜின் சூடா குளிரா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல், கடைசியாக எங்கே நிரப்பினீர்கள். மாற்றம் செய்த வண்டியில் கோளாறு பெரும்பாலும் கடைசியாகக் கை வைத்த இடத்தில்தான் இருக்கும். ஆனால் நமக்கு மனசு வராது. காசு போட்டு வாங்கிய பொருள் மேல் பழி போட யாருக்குத்தான் பிடிக்கும்? நானும் அப்படித்தான் இருந்தேன்.

சோதனைக்கு ஒரே சாலையை வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் ஏற்றம் கிடையாது. மலை என்றால் குன்றக்குடி, அதிலும் படி ஏறித்தான் போக வேண்டும். அதனால் இன்ஜினுக்குச் சுமை கொடுக்க டாப் கியரில் குறைந்த ஆர்.பி.எம்.மில் மெல்ல அழுத்துவதும், நாலு பேரை ஏற்றிக்கொள்வதும்தான் வழி. திருப்பத்தூர் சாலையில் காலை ஆறு மணிக்குள் போய்விட்டால் போக்குவரத்து குறைவு. பிள்ளையார்பட்டிக்கு வரும் பஸ், வேன் கூட்டம் தொடங்கிவிட்டால் ஒரே வேகத்தில் இரண்டு நிமிடம்கூடப் போக முடியாது.

2. நடுங்குவது இன்ஜினா, சக்கரமா?

இதைப் பிரிக்காமல் அடுத்த வேலைக்குப் போகவே கூடாது. வழி எளிது. 80-இல் டாப் கியரில் நடுக்கம் வரும்போது, வேகத்தை மாற்றாமல் ஒரு கியர் கீழே இறக்குங்கள். ஆர்.பி.எம். ஏறும், சக்கரம் சுற்றும் வேகம் மாறாது. நடுக்கம் அதே தாளத்தில் தொடர்ந்தால் சக்கரம், டயர், சக்கரம் மாட்டும் ஹப் பக்கம் பாருங்கள். மறைந்துவிட்டாலோ தாளம் மாறினாலோ இன்ஜின் பக்கம்.

கணக்காகவும் பார்க்கலாம். 195/55 ஆர்16 டயரின் சுற்றளவு சுமார் 1.95 மீட்டர். 80 கி.மீ. வேகம் என்பது வினாடிக்கு 22.2 மீட்டர். அதாவது சக்கரம் வினாடிக்குப் பதினொன்றரைச் சுற்று போடுகிறது. இன்ஜின் 2000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது ஒரே ஒரு சிலிண்டர் வேலை செய்யாவிட்டால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, வினாடிக்குச் சுமார் 17 முறை தட்டும். போனில் அதிர்வை அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டு டேஷ்போர்டில் அசையாமல் வைத்தால் இந்த இரண்டு எண்ணும் தனித்தனியாகத் தெரியும்.

சக்கரம் என்று தெரிந்தால் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். வெளியில் வாங்கிய அலாய் வீலின் நடு ஓட்டை, ஹப்பைவிடப் பெரிதாக இருக்கக்கூடும். இடையில் வளையம் போடாமல் மாட்டியிருந்தால் எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் ஆட்டம் போகாமல் இருக்கலாம். இன்னொன்று நம் ஊருக்கே உரியது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் ஊருக்கு வருகிறார்கள். அதுவரை பெரிய வீட்டின் பின்கட்டில் வண்டி மாதக்கணக்கில் நின்றுகொண்டிருக்கும். டயர் ஒரே இடத்தில் அமுங்கித் தட்டையாகிவிடும். இருபது, முப்பது கிலோமீட்டர் ஓடிச் சூடேறிய பிறகு நடுக்கம் குறைந்தால் அதுதான் காரணம்.

ஆட்டோமேட்டிக் வண்டிக்கு ஒரு தந்திரம் உண்டு. டார்க் கன்வர்ட்டர் (இன்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கடத்துவது) உள்ள கியர்பாக்ஸில் அதை நேராகப் பூட்டும் லாக்கப் கிளட்ச் தேய்ந்தால், 60-லிருந்து 80 வரை வரும் நடுக்கம் அச்சு அசலாக மிஸ்ஃபயர் (சிலிண்டரில் கலவை சரியாக எரியாமல் போவது) போலவே இருக்கும். பின்னால் வண்டி வராத நேரமாகப் பார்த்து, ஆக்சிலேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு பிரேக்கை இடது காலால் லேசாகத் தொடுங்கள், விளக்கு எரிகிற அளவுக்கு மட்டும். பெரும்பாலான வண்டிகளில் லாக்கப் விடுபடும். அந்த நொடியே நடுக்கம் நின்றால் பிளக்கையும் காயிலையும் விட்டுவிட்டு கியர் ஆயிலைப் பாருங்கள்.

இன்ஜினைத் தாங்கக் கெட்டியான பாலியூரித்தேன் மவுண்டிங் போட்டவர்கள் ஏ.சி. போட்டதும் ஸ்டீயரிங் அதிர்வதைக் கோளாறு என்று நினைக்கிறார்கள். அது அந்த மவுண்டிங்கின் குணம், பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

3. ஸ்கேனரில் எதைப் படிப்பது?

காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் இ.எல்.எம். 327 வகை புளூடூத் ஸ்கேனரும் ஒரு போனும் இருந்தால் தொடங்கிவிடலாம். ஓட்டுகிறவர் திரையைப் பார்க்கக் கூடாது. பக்கத்தில் ஒருவரை உட்கார வையுங்கள், அல்லது பதிவு செய்து வீட்டில் வந்து பாருங்கள். ஸ்கேனர் காட்டும் கோளாறு எண்களில் பி0300 என்றால் எந்த சிலிண்டர் என்று தெரியாத மிஸ்ஃபயர். பி0301 முதல் பி0304 வரை அந்தந்த சிலிண்டர். பி0171 என்றால் கலவையில் காற்று அதிகம். கோளாறு எண் எதுவும் வரவில்லை என்பதற்காகக் கோளாறு இல்லை என்று அர்த்தமில்லை. என் வண்டியில் கடைசிவரை எந்த விளக்கும் எரியவில்லை.

முக்கியமானது ஃபியூல் ட்ரிம். கலவையைச் சரியாக வைக்க இ.சி.யு. (இன்ஜின் கம்ப்யூட்டர்) எவ்வளவு பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதுதான் இந்த எண். உடனுக்குடன் மாறுவது ஷார்ட் டெர்ம், நாளாவட்டத்தில் கற்றுக்கொண்டது லாங் டெர்ம். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். 5 சதவீதத்துக்குள் கூட்டலோ கழித்தலோ இருந்தால் கவலையில்லை. 10-ஐத் தாண்டினால் தேட வேண்டும்.

ஒரே இடத்தில் பார்த்தால் இந்த எண் ஒன்றும் சொல்லாது. மூன்று இடங்களில் குறித்துக்கொள்ளுங்கள்: வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும் ஐடிலிங்கில், 80-இல் நிதானமாகப் போகும்போது, டர்போ அழுத்தம் ஏறும் அளவுக்கு மிதிக்கும்போது. ஐடிலிங்கில் அதிகமாக இருந்து, சுமை ஏற ஏறக் குறைந்தால் எங்கோ கசிவு வழியாக அளக்கப்படாத கள்ளக் காற்று உள்ளே போகிறது. நேர்மாறாக, சுமை ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் போதவில்லை, அல்லது காற்றை அளக்கும் மாஃப் சென்சார் குறைத்துச் சொல்கிறது. மூன்று இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே எண் என்றால் எரிபொருளே மாறியிருக்கலாம். 10 சதவீதம் எத்தனால் கலந்த இ10-இலிருந்து 20 சதவீதம் கலந்த இ20-க்குப் போனால் அதே காற்றுக்குச் சுமார் 4 சதவீதம் கூடுதல் பெட்ரோல் வேண்டும். பழைய எரிபொருளுக்குப் போட்ட ரீமேப்பில் ட்ரிம் அந்த அளவு ஏறுவது இயல்பு.

மிதித்து ஓட்டும்போது சில இ.சி.யு.க்கள் ட்ரிம்மை நிறுத்திவிட்டு மேப்பில் உள்ளபடியே பெட்ரோல் விடும். அப்போது திரையில் எண் உறைந்து நிற்கும். அதைப் பார்த்து "சுமையில் சரியாக இருக்கிறது" என்று முடிவு செய்யக் கூடாது. காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் லாம்ப்டா அளவையும் சேர்த்துப் பாருங்கள்.

இங்கே இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. மாஃப் சென்சார் இல்லாமல் மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்து மட்டும் கணக்கிடும் வண்டிகள் உண்டு. அவற்றில் கள்ளக் காற்று போனால் அழுத்தமும் சேர்ந்து உயரும், இ.சி.யு. அதற்கேற்பப் பெட்ரோல் விட்டுவிடும். ட்ரிம் பெரிதாக ஏறாது, ஐடிலிங் மட்டும் உயரும். இரண்டாவது கண்ணியில்தான் அனுபவமுள்ள மெக்கானிக்குகளே விழுகிறார்கள். பிளக் பொறி விடாவிட்டால் எரியாத ஆக்சிஜன் அப்படியே சைலன்சருக்குப் போகும். ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்து, காற்று அதிகம் என்று இ.சி.யு.விடம் சொல்லும். உடனே பெட்ரோல் கூடும், ட்ரிம் ஏறும். ஆக, ட்ரிம் ஏறியதாலேயே காற்றுக் கசிவு என்று முடிவு கட்ட முடியாது. மிஸ்ஃபயர் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே சிலிண்டரில் குவிந்தால் பொறி அல்லது இன்ஜெக்டர். நான்கிலும் பரவியிருந்தால் காற்று, எரிபொருள் அழுத்தம், மேப்.

என் வண்டியின் எண்கள்: ஐடிலிங்கில் +14, 80-இல் +11, அழுத்தம் ஏறியதும் +2. மிஸ்ஃபயர் நான்கு சிலிண்டரிலும் பரவிக் கிடந்தது. இருபதாயிரம் செலவழிப்பதற்கு முன்னால் இந்த அரை மணி நேரத்தைச் செலவழித்திருக்கலாம்.

4. காற்று வரும் பாதை

மாற்றம் செய்த டர்போ வண்டியில் அதிக நேரம் தேட வேண்டிய இடம் இதுதான்.

ஃபில்டரிலிருந்து தொடங்குங்கள். கம்பெனி ஏர் பாக்ஸ், மாஃப் சென்சாருக்கு முன்னால் காற்றை நேராக்கி அனுப்பும்படி அமைக்கப்பட்டது. கோன் ஃபில்டர் போட்டதும் சென்சார் ஒரு வளைவை ஒட்டி உட்கார்ந்துவிடுகிறது. காற்று சுழன்று வருவதால் அது தப்பாக அளக்கிறது. குழாயின் விட்டம் மாறியிருந்தால் கணக்கு இன்னும் கெடும். எண்ணெய் தடவும் ஃபில்டரில் எண்ணெய் கூடிப்போனால் சென்சார் கம்பியில் படியும். மேலே நம் செம்மண் தூசி ஒட்டிக்கொள்ளும். கோடையில் கண்மாய்க்கரைச் சாலையில் ஒரு லாரியின் பின்னால் போய்விட்டு வந்து வெள்ளைச் சட்டையைப் பாருங்கள், ஃபில்டரின் நிலைமை புரியும். சென்சாரைத் துணியாலோ விரலாலோ தொடக் கூடாது. அதற்கென்று விற்கும் ஸ்பிரேயை அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். சந்தேகம் தீர ஒரே வழி, பழைய ஏர் பாக்ஸைத் திரும்ப மாட்டி அதே சாலையில் ஓட்டிப் பார்ப்பதுதான். கழற்றிய கம்பெனிப் பொருளை விற்றுவிடாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

அடுத்தது புளோ ஆஃப் வால்வு. காலை எடுக்கும்போது டர்போவில் தேங்கும் காற்றை விடுவதுதான் இதன் வேலை. கம்பெனி வால்வு அந்தக் காற்றைத் திரும்ப இன்டேக் குழாய்க்கே அனுப்பும். நாம் "புஸ்" என்ற சத்தத்துக்காக வெளியே விடும் வால்வை மாட்டுகிறோம். மாஃப் உள்ள வண்டியில், அளந்த காற்று வெளியே போவதால் காலை எடுத்த கணத்தில் பெட்ரோல் அதிகமாகி ஒரு குலுக்கல் வரும். அதுவாவது தெரிந்த தொல்லை. தெரியாத தொல்லை ஸ்பிரிங்கில் இருக்கிறது. இந்த வால்வைத் திறப்பது மேனிஃபோல்டு வாக்யூம். ஸ்பிரிங் மெலிதாக இருந்தால், நிதானமாக 80-இல் போகும்போது இருக்கும் வாக்யூமே அதைக் கொஞ்சம் திறந்து வைத்துவிடும். அந்த வழியாக அளக்காத காற்று உள்ளே நுழையும், ஃபில்டர்கூட இல்லாமல். மிதித்ததும் அழுத்தம் ஏறி வால்வு மூடிக்கொள்ளும், வண்டி சுத்தமாகப் பாயும். நான் முதலில் சொன்ன அறிகுறிகளை இதோடு வைத்துப் பாருங்கள்.

வால்வைக் கழற்றிக் கம்பெனி வால்வை மாட்ட முக்கால் மணி நேரம் ஆனது. மறுநாள் காலை அதே சாலை. ஐடிலிங்கில் +2, 80-இல் +3. நடுக்கம் இல்லை. கூட வந்த தம்பிக்கு நடுக்கம் நின்றதைவிடச் சத்தம் போனதுதான் வருத்தம்.

உங்கள் வண்டியில் வால்வு குற்றமற்றது என்றால் மேற்கொண்டு தேடுங்கள். இன்ஜின் ஆவியிலிருந்து ஆயிலைப் பிடிக்கும் கேட்ச் கேன் மாட்டியிருந்தால் அதன் ஹோஸ், கிளாம்ப் எல்லாவற்றையும் கையால் அசைத்துப் பாருங்கள். பெட்ரோல் டேங்க் ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொள்வது உண்டு. அதன் ஹோஸை இடுக்கியால் மெதுவாக நசுக்கிப் பிடித்ததும் ட்ரிம் மாறினால் ஆள் அகப்பட்டான். எலி கடித்த ஹோஸ் நம் ஊரில் சாதாரணம். இன்ஜின் கவரைக் கழற்றாமல் அது கண்ணில் படாது.

கசிவைப் பிடிக்கச் சிறந்தது குழாய்க்குள் புகை ஊதும் ஸ்மோக் மெஷின். சாம்பிராணிப் புகையைக் குழாய்க்குள் ஊதிப் பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும். பெட்ரோல் ஆவிக்குப் பக்கத்தில் தணல் தட்டை வைக்கிற வேலை அது, வேண்டவே வேண்டாம். சூடான இன்ஜின்மேல் கார்புரேட்டர் கிளீனரை அடிப்பதும் அதே ரகம். டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய்களுக்குக் குறைந்த அழுத்தத்தில் காற்றைக் கொடுத்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் போதும்.

டவுன்பைப் மாற்றியவர்கள் கேஸ்கட்டையும் பாருங்கள். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் சின்ன விரிசல் இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, சென்சார் பொய் சொல்லும். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடானதும் அடங்கினால் சந்தேகப்படலாம்.

5. பொறி

ட்ரிம் சரியாக இருந்து வண்டி மட்டும் வெட்டுகிறதா? பிளக்கைக் கழற்றுங்கள், இன்ஜின் ஆறிய பிறகு. ரீமேப் செய்ததும் பிளக் இடைவெளியைக் குறைப்பது வழக்கம், ஏனென்றால் அழுத்தம் கூடினால் பொறி தாண்டுவது கடினம். 0.7 மில்லிமீட்டர் அளவில் வைப்பது பலருக்கு ஒத்துவருகிறது. சிலர் பயந்துகொண்டு 0.5-க்கு இறக்கிவிடுகிறார்கள். முழு வேகத்தில் நன்றாக ஓடும். நிதானத்தில், மெலிந்த கலவையைப் பற்றவைக்க அந்தக் குட்டிப் பொறி போதாது, மிஸ்ஸிங் அடிக்கும்.

வெப்ப எண்ணையும் பாருங்கள். என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடினால் பிளக் குளிர்ந்த வகை, அதாவது சூட்டை வேகமாகக் கடத்திவிடும். பாஷ் பிளக்கில் இது தலைகீழ். மிகக் குளிர்ந்த வகையைப் போட்டுவிட்டுச் செக்காலை ரோட்டிலும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலும் மட்டும் உருட்டிக்கொண்டிருந்தால், பிளக் முனை தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் 450 டிகிரியை எட்டாது. கரி படிந்து கறுத்திருக்கும்.

காயில் சோதனைக்குச் செலவே இல்லை. மிஸ்ஃபயர் காட்டும் சிலிண்டரின் காயிலை அடுத்ததோடு மாற்றி மாட்டுங்கள். கோளாறு கூடவே இடம் மாறினால் காயில் போய்விட்டது. மாறாவிட்டால் பிளக்கையும் அப்படியே செய்து பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் இன்ஜெக்டர், வயரிங், கம்ப்ரெஷன்.

6. எரிபொருள்

மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் முதலில் டேங்கைச் சந்தேகப்படுங்கள். கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் ஈரத்தைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனி அடுக்காகப் பிரியும். கோடு தெரிந்தால் டேங்கைக் காலி செய்ய வேண்டியதுதான்.

பெரிய இன்ஜெக்டர் போட்டவர்களுக்கு வேறொரு சிக்கல். மின்சாரம் கிடைத்த நொடியே இன்ஜெக்டர் திறப்பதில்லை, சிறு தாமதம் உண்டு. அந்தத் தாமதம் மேப்பில் 0.1 மில்லி வினாடி தப்பாக இருந்தால், 12 மில்லி வினாடி திறக்கும்போது பிழை ஒரு சதவீதத்துக்கும் குறைவு. நிதான ஓட்டத்தில் 2 மில்லி வினாடிதான் திறக்கிறது, அப்போது பிழை 5 சதவீதமாவது வரும். முழு மிதியில் பிரமாதம், 80-இல் தகராறு என்பதற்கு இதுவும் காரணமாகலாம்.

நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜின்களில் இன்டேக் வால்வைக் கழுவிவிடப் பெட்ரோல் அந்தப் பக்கம் வருவதே இல்லை. கரி படியும். டேங்கில் ஊற்றும் கிளீனர் அங்கே போய்ச் சேராது. மேனிஃபோல்டைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் தடுமாறி, சூடேறியதும் தேறினால் இதையும் கணக்கில் வையுங்கள்.

7. கடைசியில் மேப்

எல்லாம் சரி, இன்னும் நடுங்குகிறது என்றால் கம்பெனி மேப்பைத் திரும்ப ஏற்றி ஓட்டிப் பாருங்கள். இன்ஜெக்டர், சென்சார் எதையும் மாற்றாதவர்கள் மட்டும் இதைச் செய்யலாம். பெரிய இன்ஜெக்டரோடு பழைய மேப் போட்டால் புதுத் தொல்லைதான். நடுக்கம் போய்விட்டால் பதிவுகளோடு, ரீமேப் செய்த ட்யூனரிடம் போங்கள். டைனோவில் (வண்டியை நின்ற இடத்தில் உருளைமேல் ஓட்டித் திறனை அளக்கும் கருவி) முழு மிதி ஓட்டத்தை மட்டும் சரிசெய்துவிட்டு, நிதான ஓட்டத்தின் கட்டங்களை எட்டியே பார்க்காமல் கொடுத்த மேப்புகள் நிறைய. "80-இல், டாப் கியரில், இத்தனை ஆர்.பி.எம்.மில், லாம்ப்டா இவ்வளவு, ட்ரிம் இவ்வளவு" என்று எண்ணோடு பேசினால் ட்யூனரும் எண்ணோடு பதில் சொல்வார். இதற்கிடையில், 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி அமைப்பை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும். இன்சூரன்ஸ் கேட்கப் போகும்போது இந்தப் பேச்சு வரும்.

சரிசெய்த பிறகு

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் கோளாறு எண்களை அழித்து, பழைய ட்ரிம்மை மறக்கச் செய்து, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். இ.சி.யு. புதிதாகக் கற்றுக்கொள்ள நேரம் எடுக்கும். தேவகோட்டைக்கு இரண்டு தடவை போய்வந்த பிறகும் எண்கள் 5-க்குள் நின்றால் வேலை முடிந்தது. பெரிய வீட்டில் வண்டியை விட்டுவிட்டு வெளியூர் கிளம்புகிறவர்கள் டயரில் காற்றைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள், பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள், இன்ஜின் பக்கம் எலி ஏறாமல் பார்த்துக்கொள்ள வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.